நோயில்லாதவர் ரத்தம்

சட்டையின் ஒரு கையை மாட்டியதுமே பழனி பல்லைக் கடித்துக்கொண்டு, "வேணாம், வுட்ரு" என்றான். ரேணுகாதேவி சட்டையை மெல்ல உருவி எடுத்தாள். அவன் முன்கைகளிலும் தோளிலும் தொடையிலும் சிவந்த முடிச்சுகள் கிளம்பியிருந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. துணி உரசினாலே நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது என்பான். நைந்துபோன பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து இதற்கென்றே வைத்திருந்தாள். அதை அவன் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, மாத்திரைப் பையையும் மாற்று வேட்டியையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். எது எப்போது வரும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. முதலில் கண் சிவக்கும். பிறகு விரல் கணுக்கள் வீங்கும். காய்ச்சல் வரும். மறுநாள் விடியும்போது முடிச்சுகள் இருக்கும். இது மூன்றாவது வருஷம். முதல் தடவை அவள் அழுதாள். இப்போது அடுப்பை அணைத்தாயிற்றா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜமுனாமரத்தூர் வரை ஷேர் ஆட்டோவில் போய், அங்கிருந்து போளூர் பஸ்ஸைப் பிடித்தார்கள். மலை இறங்கும் வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் யாரும் அவன்மேல் இடித்துவிடாதபடி அவள் நடுவில் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாசி மாதம். வழியெல்லாம் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் இரண்டு மரம் உண்டு. ஏற ஆள் இல்லாமல் காய் தானாக விழுந்து கிடந்தது. மகன் சதீஸ்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பொங்கலுக்கு வந்தவனை மரம் ஏறச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்த கால்களை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டுப் போனான்.

பின் சீட்டிலிருந்து பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பழனியின் முகத்தையும் போர்த்தியிருந்த புடவைத் துண்டையும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மறுபடியும் வந்துடுச்சா?" என்றாள்.

"அந்த நோயி போய்டுச்சும்மா. இது வேற."

"வேறன்னா?"

ரேணுகாதேவிக்கு அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தொழுநோய்க்கு ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டான், கிருமி செத்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் செத்த கிருமியின் மிச்சம் மீதி உடம்பில் கிடக்கிறது. அதைப் பார்த்து உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் இந்தக் காய்ச்சல், இந்த முடிச்சு. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள், தண்ணீர் டம்ளரை மட்டும் தனியாக வைப்பார்கள். சண்டையை அடக்கக் கொடுக்கும் மாத்திரையில் அவன் முகம் ஊதி உருண்டையாகிவிடும்போது, "ஒடம்பு தேறிட்டாப்புல கீதே" என்று அதே ஆட்கள் சொல்வார்கள். மாத்திரையைக் குறைத்தால் முகம் வற்றும். கொஞ்ச நாளில் முடிச்சு வரும்.

"சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில், போளூருக்கு வெளியே இருந்தது. பழைய ஓட்டுக் கட்டடம். ஆண்கள் வார்டில் அன்று பழனியைத் தவிர ஒரே ஒரு கிழவர்தான். கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வார்டு நர்ஸ் ராணியம்மாள் பழனியைப் பார்த்ததும், "வாய்யா, சனவரிதான போன" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்தார். டாக்டர் வந்து முடிச்சுகளை எண்ணாமல் பார்த்தார், முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தொட்டார். பழனி முனகினான். மாத்திரையை மறுபடி கூட்ட வேண்டும், இந்தத் தடவை வேறொரு மருந்தும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். அதற்கு முன் கவியா மேடம் ரத்தம் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவியா வேலூரிலிருந்து வரும் ஆராய்ச்சி டாக்டர். முப்பது வயது இருக்கும். பழனியிடம் ஏற்கெனவே இரண்டு தடவை ரத்தம் எடுத்திருக்கிறாள். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்தால்தான் சண்டை எப்படி நடக்கிறது என்று தெரியும் என்பாள். அவளைப் பார்த்தால் ரேணுகாதேவிக்குக் கோபம் வராது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள்.

பழனியின் ரத்தத்தை ராணியம்மாள் எடுத்து முடித்ததும் கவியா ஸ்டூலை இழுத்துப் போட்டு ரேணுகாதேவிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உடம்புல இருக்கற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். அதுக்குன்னே சின்னச் சின்னப் புரதங்க ரத்தத்துல ஓடுது. ஆபத்து வந்துடுச்சு, எல்லாரும் வாங்கன்னு சொல்றதுக்குச் சிலது. போதும், நிறுத்துங்கன்னு சொல்றதுக்குச் சிலது. அண்ணன் உடம்புல வாங்க வாங்கன்னு சொல்றது அளவுக்கு மீறிப் போவுது. போதும்ன்றது ஏன் எடுபடலன்னுதான் நாங்க பாக்கறோம்."

"அந்தப் போதும்ன்றத ஊசியாப் போட முடியாதாம்மா?"

கவியா சிரிக்கவில்லை. "அங்க போறதுக்குத்தான் இவ்வளவும். இன்னும் போகல." பிறகு சொன்னாள்: "ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஒருத்தர் ரத்தம் வேணும். வெளியாள விட அதே வீட்டுல இருக்கறவங்கன்னா நல்லது. அதே சாப்பாடு, அதே தண்ணி. உங்களுக்கும் அந்தக் கிருமி வந்து போயிருக்கும், ஆனா நோய் வரல. உங்க ரத்தத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா உபயோகமா இருக்கும்."

ரேணுகாதேவியின் இடது கை தானாகப் போய் வலது ரவிக்கைக் கையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடச் சத்துணவுச் சமையலறையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் உதவியாளர். கடுகு வெடித்து எண்ணெய் தெறித்தது. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள்தான் "ஐயோ கை" என்று கத்தினாள். முழங்கைக்கு மேலே தோல் பொரிந்திருந்தது. ரேணுகாதேவிக்கு ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் பட்ட இடத்தைச் சுற்றி, வெற்றிலை அகலத்துக்கு, தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. வீட்டுக்கு வந்து ஊக்கு முனையால் குத்திப் பார்த்தாள். வெளுப்புக்கு வெளியே வலித்தது. உள்ளே எதுவும் இல்லை. பழனிக்கு நோய் என்று தெரிந்த அந்த வருஷமே, கூட இருந்தவள் என்று அவளுக்கும் தடுப்பாக ஒரு வேளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் வராது என்றுதான் சொன்னார்கள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. நோய்க்குப் பயந்து இல்லை. மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இந்தக் கட்டிலில் படுத்திருப்பதுதான். கிருமி செத்த பிறகு ஆரம்பிக்கும் சண்டையை அவள் மூன்று வருஷமாகக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கஞ்சியை ஆற்றி ஊட்டியிருக்கிறாள். வேட்டி கட்டிவிட்டிருக்கிறாள். தன் உடம்பிலும் அது கிளம்பினால் என்ன செய்வது என்று யோசிக்கப் போனால் யோசனை அங்கேயே நின்றுவிடும். மாத்திரை ஆரம்பித்தால்தானே கிருமி சாகும், செத்தால்தானே சண்டை வரும் என்று ஒரு கணக்குப் போட்டு, அந்த வெளுப்பை அப்படியே விட்டுவைத்திருந்தாள். தப்புக் கணக்கு என்று அவளுக்கே தெரியும்.

"எனக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மிம்மா" என்றாள்.

"கொஞ்சந்தான் அக்கா. விருப்பமில்லன்னா வேணாம். கட்டாயம் இல்ல."

கட்டிலிலிருந்து பழனி தலையைத் தூக்கினான். காய்ச்சலில் கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. "இத்தினி வருஷமா என் ஒடம்புல குத்துறாங்க. எனக்காவ ஒரு ஊசி தாங்க மாட்டியா நீ?"

"கத்தாத. படு."

"தாங்க மாட்டியான்னு கேக்கறேன்."

குரல் வார்டு முழுக்கக் கேட்டது. கால் கட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பழனி அவளிடம் அப்படிப் பேசுகிறவன் இல்லை. முடியாதபோதெல்லாம் அவன் பேசாமல்தான் கிடப்பான், அவள் செய்வதற்கெல்லாம் கூசுகிறவன் மாதிரி. ரேணுகாதேவிக்கு முகம் சுட்டது. விடியலில் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஆள் சொல்லி அனுப்பி, இவனைப் பூப்போல இறக்கிக் கொண்டுவந்ததற்கு இது. இடது கையை நீட்டினாள்.

ராணியம்மாள் ரத்தம் எடுத்தார். கவியா கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா. காசநோய் வந்ததுண்டா. உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாத தேமல், படை உண்டா.

"இல்ல" என்றாள் ரேணுகாதேவி.

"சரி. இங்க மறைப்பு இல்ல. மதியம் உள் ரூம்ல வச்சு ஒருதடவ முழுசாப் பாத்துடறேன். பாக்காம சேத்துக்க மாட்டோம்." ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் இரண்டையும் கவியா எடுத்துக்கொண்டு போனாள்.

ரேணுகாதேவி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். மத்தியானம் மலைக்கு ஒரு பஸ் உண்டு. மறுநாள் சமைக்க ஆள் இல்லை, கிளம்பச் சொல்லிப் போன் வந்தது என்று சொல்லிவிடலாம். ஓர் ஆளுக்காக ஆராய்ச்சி நிற்கப்போவதில்லை. மலை அங்கிருந்து நீலமாக, கிட்டத்தில் இருப்பது போலத் தெரிந்தது. ஏறி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் எதையும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் போதும் என்று தோன்றியது. அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

வார்டுக்குத் திரும்பி வந்து பையை எடுத்தாள். "நான் கெளம்பறேன். நாளைக்கு ஸ்கூல்ல ஆளில்ல. நாளன்னிக்கு வர்றேன். ராணியம்மா பாத்துக்குவாங்க."

பழனி கண்ணைத் திறந்தான். "பாத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க ரத்தம். அதான் எடுக்கச் சொன்னியே."

"ரத்தம் இல்ல. கைய."

அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மின்விசிறி ஒரு சுற்றில் எங்கோ தட்டித் தட்டிச் சுற்றியது.

"எந்தக் கைய?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"தீபாவளிக்குக் கை எறக்கமா ரவிக்க தெச்சிகினியே, அதுக்கு முன்னாடியே பாத்தேன். நீ தூங்கறப்ப வெரல வச்சு அழுத்தினேன். வேற எடத்துல அழுத்துனா திரும்பிப் படுத்த. அங்க அழுத்துனா அசையல." அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். "எனக்கும் அப்டித்தான் தொடங்குச்சு."

"தெரிஞ்சிகினே ஏன்யா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நான்தான குடுத்தேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவன் காலில் இடித்துவிட்டோமோ என்று பார்த்தாள். இடிக்கவில்லை.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். கார்த்திகைல சொல்லுவ, பொங்கலுக்குச் சொல்லுவன்னு. நீ சொல்லல. பையன் வந்தப்ப அவங்கிட்டயாவது சொல்லுவன்னு நெனச்சேன். இன்னிக்கு அந்தம்மா ரத்தம் கேட்டாங்க. ஒடம்பப் பாக்காம சேத்துக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் கத்துனேன்."

"ஊரு பாக்கக் கத்துன."

"ஆமா. நீ போய்க்கினே இருப்ப இல்லாட்டி."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன்னால் மறைக்க முடிந்தது என்று நினைத்திருந்தாள். அவன் ஒன்றையும் கவனிக்காமல் வலியோடு சுருண்டு கிடக்கிறான் என்று எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். அவன் இத்தனை மாதமும் அவளுடைய ரவிக்கைக் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"எனக்கும் இந்த மாதிரி சண்ட வந்துச்சுன்னா," என்றாள், "நானும் படுத்துட்டா, உன்ன யாரு இட்டுகினு வர்றது? என்ன யாரு இட்டுகினு வர்றது?"

பழனி யோசித்தான். அவள் காத்திருந்தாள். ஏதாவது சொல்லுவான், பையன் இருக்கான், சாமி இருக்கு என்று ஏதாவது.

"தெரியல" என்றான்.

அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

உள் அறையில் கவியா ரத்தம் நிரப்பிய குழாய்களை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேணுகாதேவி கதவருகில் நின்று, "காலைல பொய் சொல்லிட்டேன்மா" என்றாள். கவியா நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜன்னலோர வெளிச்சத்தில் உட்காரவைத்து, ரவிக்கைக் கையை மடித்துவிட்டு அந்த இடத்தை நன்றாகப் பார்த்தாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தாள். விரல்களை விரிக்கச் சொன்னாள், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு முனையில் மெல்லிய நைலான் இழை வைத்த ஒரு குச்சியை எடுத்து அவளுக்குக் காட்டினாள். "கண்ண மூடிக்குங்க அக்கா. தொட்டதும் அந்த எடத்த வெரலால காட்டுங்க."

கண்ணை மூடினாள். மணிக்கட்டில் எறும்பு போல ஒன்று பட்டது. காட்டினாள். முழங்கையில் பட்டது. காட்டினாள். பிறகு நெடுநேரம் எதுவும் படவில்லை. கவியா குச்சியைக் கீழே வைத்துவிட்டாளோ என்று நினைத்தாள். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. கவியா மூச்சு விடுவது கன்னத்துக்குப் பக்கத்திலேயே கேட்டது. அவள் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. ரேணுகாதேவி வலது கையில் எதையும் தேடாமல், மடியில் இருந்த இடது கை விரலை மட்டும் தயாராக நீட்டி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தொறங்க" என்றாள் கவியா. "ஒரே எடந்தான். இன்னும் டாக்டர் பாத்து உறுதி பண்ணணும். ஆறு மாசம் மாத்திரை. கை பலம் நல்லா இருக்கு."

"எனக்கும் அவருக்கு வர்ற மாதிரி வருமா?"

"அண்ணனோடது வேற, உங்களோடது வேற. அவர் உடம்பு ஆரம்பத்துல கிருமியக் கண்டுக்கவே இல்ல. அதான் உள்ள நெறயப் பெருகிடுச்சு. உங்க உடம்பு ஒரே எடத்துல மடக்கி வச்சிருக்கு. அதனால அந்த மாதிரி முடிச்சு வராது. ஆனா அந்தப் படை திடீர்னு செவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம், கை மரத்துப்போகலாம். அப்டி ஆச்சுன்னா அன்னிக்கே வந்துடுங்க. யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியல அக்கா."

"புள்ளைங்களுக்குச் சமைக்கறேன்."

"சமைக்கலாம். சமைக்கறதால ஒட்டாது. மாத்திரை ஆரம்பிச்சா அந்தப் பேச்சே இல்ல."

"நீங்க சொல்றீங்க" என்றாள் ரேணுகாதேவி.

கவியா ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு குழாயை வெளியே எடுத்தாள். ஈரம் படிந்திருந்த ஸ்டிக்கரைத் துடைத்து, அதில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினாள்.

"அதக் கீழ ஊத்திடுவீங்களா?"

"இல்ல. இதுவும் வேணும், உங்களுக்கு விருப்பம்னா. வேற வரிசைல போவும், அவ்வளவுதான்."

"வச்சிக்குங்க" என்றாள் ரேணுகாதேவி. பெட்டியின் மறுபக்கத்தில், பழனியின் ரத்தம் இருந்த வரிசைக்கு அருகில் கவியா அதைச் செருகினாள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

வார்டுக்குத் திரும்பியபோது ராணியம்மாள் பழனிக்கு மாத்திரை கொடுத்து முடித்திருந்தார். செய்தி அவருக்கும் அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். "டாக்டரு மூணு மணிக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் அந்தக் கட்டில்ல படும்மா. காலிதான்" என்று பழனிக்கு அடுத்த கட்டிலைக் காட்டினார். ஆம்பளை வார்டு என்று ரேணுகாதேவி தயங்கினாள். கால் கட்டுக் கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ராணியம்மாள் அந்தக் கட்டிலின் விரிப்பை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

படுத்தாள். முதுகு கட்டிலில் பட்டதும், இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று தெரியாமல் உடம்பு முழுக்க வலித்தது. பஸ் கம்பியைப் பிடித்த உள்ளங்கை, இடுப்பு, கெண்டைக்கால். பழனி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரெட் பாக்கெட் மேஜைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "காலைலர்ந்து நீ ஒண்ணும் துன்னல" என்றான். வீங்கிய விரல்களால் கவரின் ஓரத்தைப் பிடிக்கப் பார்த்தான். வழுக்கியது. இன்னொரு ஓரத்தைப் பிடித்தான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தினான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குடு இங்க என்று சொல்ல ரேணுகாதேவிக்கு வாய் வரை வந்தது. ஒரு நொடியில் பிரித்துக் கொடுத்துவிடுவாள். கையும்கூட அரை அடி நகர்ந்தது. பிறகு அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, அவன் குனிந்து கவரின் முனையைப் பல்லில் கடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.